கழுதைக்கு ஒரு பவுண்டு

டெஸ்மண்ட் கதவைத் திறந்ததும் அவன் முகத்துக்கு நேராக உண்டியலைக் குலுக்கினாள் மாவிஸ்.

வயதான கழுதைகளின் காப்பகத்துக்காக வருஷா வருஷம் வசூல் செய்கிறவள் அவள். ஆக்ஸ்ஃபோர்டில் அந்தத் தெருவே போட்டுவிட்டது. டெஸ்மண்ட் மட்டும்தான் பாக்கி.

"மன்னிச்சுக்கங்க மாவிஸ். கழுதைக்கு என்னால ஒரு பவுண்டு கூடத் தர முடியாது."

பல்கலைக்கழகத்தில் தத்துவம் சொல்லிக்கொடுக்கிறவன். இல்லை என்பதோடு விடவில்லை, காரணமும் சொன்னான். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு ஆப்பிரிக்காவுக்குக் கொசுவலையாகப் போகிறதாம். இங்கே ஒரு கழுதைக்கு ஒரு வாரம் தீனி போடுகிற காசில், அங்கே ஒரு வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் மலேரியா பயமில்லாமல் தூங்கலாமாம். இரக்கப்பட்டால் மட்டும் போதாதாம், எங்கே கொடுத்தால் பலன் அதிகம் என்றும் பார்க்க வேண்டுமாம்.

"கண்ணெதிர்ல நிக்கிற ஜீவன் மேல இரக்கம் வராதா? உனக்கு நெஞ்சுக்குள்ள இருக்கிறது என்ன, கால்குலேட்டரா?"

"அந்தப் பிள்ளைங்க யார் கண்ணெதிர்லயும் இல்லையே மாவிஸ். அதுதான் அவங்க கஷ்டமே."

பணிவாகக் கதவைச் சாத்திக்கொண்டான்.

சாயங்காலத்துக்குள் சங்கதி தெரு முழுக்கப் பரவிவிட்டது. அவனுடைய முழங்கை கிழிந்த ஸ்வெட்டருக்கும் ஓட்டை சைக்கிளுக்கும் எல்லோருக்கும் இப்போது அர்த்தம் புரிந்தது. கஞ்சன், கல்நெஞ்சன். அவன் பப்புக்குள் நுழைந்தால் மூலையிலிருந்து யாராவது கழுதை மாதிரி கத்தினார்கள்.

வழக்கமாக உண்டியலை வாங்கிப்போக ஆள் வரும். இந்த முறை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாவிஸே காரை எடுத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனாள். அவள் அங்கே கால் வைப்பது அதுதான் முதல் தடவை. இறங்கியதுமே நாற்றம் மூக்கில் அடித்தது.

கொட்டகைக்குள் ஒருவன் கணுக்கால் புதையும் சகதியில் நின்று விட்டையை வாரிக்கொண்டிருந்தான். கண் தெரியாத கிழட்டுக் கழுதையொன்று அவன் முதுகில் தலை சாய்த்து நின்றது.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினான். டெஸ்மண்ட்.

திருடிப் பிடிபட்டவன் மாதிரி அவன் முகம் சிவந்துவிட்டது.

"கொடுக்கிற காசெல்லாம் அந்தப் பிள்ளைங்களோடது மாவிஸ். ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் என்னோடது. எங்க கொசுவலைச் சங்கத்துல மட்டும் சொல்லிடாதீங்க. இந்த நேரத்துல நாலு காசு சம்பாதிச்சா இன்னும் பத்து வலை வாங்கலாமேன்னு என்னைக் கிழிச்சிடுவாங்க."

கழுதை மெல்ல நகர்ந்து வந்து, ஈர மூக்கை மாவிஸின் கோட்டுப் பக்கம் நீட்டியது.

"தடவிக் கொடுங்க, ஒண்ணும் பண்ணாது. சும்மாதானே இருக்கீங்க? அங்க இன்னொரு மண்வெட்டி கிடக்கு."

கழுதை என்றால் உயிரையே விடும் மாவிஸ், உண்டியலை வேலி மேல் வைத்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு காரைப் பார்த்து நடையைக் கட்டினாள்.