முப்பத்தேழாம் எண்

எங்கள் நூற்பாலை அவிநாசி ரோட்டில் இருந்தது. 1998-இல் அலுவலக நெட்வொர்க் என் பொறுப்பு. ஒருவரின் வருகைப்பதிவு டோக்கன் எண்ணையே அவர் கம்ப்யூட்டருக்கும் எண்ணாகக் கொடுப்பேன். அதே அலுவலகத்தில் வேலை செய்த என் மனைவி கயல்விழிக்கு முப்பத்தேழு.

மார்ச்சில் ஒருநாள் வேலையின்போது அவளுக்கு நெஞ்சு வலித்தது. மேனேஜர் பங்காருசாமி மில் காரைத் தரவில்லை. "ரிப்போர்ட்டை முடிச்சுப்போட்டு பஸ்ஸுல போ அம்மணி" என்றார். பஸ் நிறுத்தத்தில் அவள் இறந்தாள்.

அவளுடைய கம்ப்யூட்டரை நானே கழற்றி குடோனில் வைத்தேன். ஆனாலும் எந்தெந்தக் கம்ப்யூட்டர் ஓடுகிறது என்று பார்க்கத் தினமும் காலையில் பிங் கட்டளை கொடுத்து எண்களை வரிசையாகக் கூப்பிடும்போது, முப்பத்தேழிலிருந்து பதில் வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரலில் பங்காருசாமிக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. மேனேஜருக்கு டோக்கன் கிடையாது.

"எனக்கு என்ன நம்பருங்க தம்பி?"

"முப்பத்தேழு காலியா இருக்குதுங்க சார்."

"உங்க ஊட்டுக்காரம்மா நம்பராச்சே. செரி, போடுங்க. போனவங்களுக்கு நம்பர் எதுக்குங்க."

ஒரே எண்ணில் இருவர் இருக்க முடியாது. முதலில் வந்தவர் இருப்பார், பிறகு வந்தவர் வெளியேற்றப்படுவார். அது தெரிந்துதான் கறுப்புத் திரையில் அவருக்கு முப்பத்தேழைக் கொடுக்கும் ஒரு வரியை அடித்து என்டர் தட்டினேன்.

பதினோரு மணிக்கு ராமாத்தாள் டீ கொண்டுவந்தாள். பங்காருசாமிக்கு இருபது வருடமாக டீ கொடுப்பவள். காலியாகக் கிடந்த அவருடைய அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இந்த ரூமுல யாருங்க இருக்கறாங்க?"

"யாருமில்லீங்க."

"ஒரு டம்ளர் சேர்த்து ஊத்திப்போட்டேன். யாருக்குன்னு தெரியலீங்க."

நான் அதை வாங்கிக் குடித்தேன்.