ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள்

மணி அடித்த நிருசனுக்குக் கதவைத் திறந்தது அம்மா இல்லை. ஒரு கறுப்பினப் பெண். இருபத்து நாலு வயது இருக்கும். இடுப்பில் அம்மாவின் ஏப்ரன்.

"மெதுவாகக் கதையுங்கள், அம்மா படுத்திருக்கிறார்," என்றாள் டொச் மொழியில். பிறகு, "நீங்கள் யார்?" என்றாள்.

நிருசனுக்குச் சுர்ரென்று ஏறியது. தான் பிறந்து வளர்ந்த வீட்டு வாசலில் நின்று இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே!

பக்கத்து வீட்டு யேசுதாசன் அண்ணை போனில் சொன்னது சரிதான்.

"தம்பி, நீ சூரிச்சில இருக்கிறாய், உனக்குத் தெரியாது. ஞாயிறு எண்டால் கொம்மா வீட்டில ஆபிரிக்கப் பெடியள்தான். கேட்டால் குழு எண்டு கதை விடுகினம். ஒரு பெட்டைதான் தலைவியாம். கொம்மா அவளிட்டை வீட்டுக் கதவுத் திறப்பும் குடுத்து வச்சிருக்கிறா. ஒருக்கா வந்து பார்."

அதற்காகத்தான் இந்த ஞாயிறு சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி வில் என்ற இந்தச் சிறுநகருக்கு வந்திருந்தான்.

உள்ளே இன்னும் இரண்டு பேர். ஒருவன் கதிரையில் ஏறித் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தான். மற்றவன் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தான்.

"இங்கே என்ன நடக்கிறது? யார் உங்களை உள்ளே விட்டது?"

சத்தம் கேட்டு, சுவரைப் பிடித்தபடி அம்மா சிவகலா எழும்பி வந்தாள்.

"நிருசனோ! என்ர ராசா! வாறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"அம்மா, ஆர் இவையள்? திறப்புக் குடுத்தனீங்களோ?"

"ஓம், குடுத்தனான். மார்கழியில குளிக்கிற அறைக்குள்ள விழுந்து எழும்பேலாமல் கிடந்தன். கதவு திறந்த இந்தப் பிள்ளை செம்ஹார்தான் மணி அடிச்சுப் பாத்திட்டு, ஆக்களைக் கூப்பிட்டுக் கதவை உடைப்பிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ பயந்துபோவாய். உனக்கும் வேலை."

நிருசன் குரலைத் தாழ்த்தினான். "அகதியா வந்த ஆக்கள் அம்மா. நம்பேலுமோ?"

"நானும் கொப்பாவும் பிறகென்ன, கலியாண வீட்டுக்கோ வந்தனாங்கள்?"



சாப்பிடும்போது சிவகலாதான் எல்லாம் சொன்னாள். செம்ஹார் எரித்திரியாவிலிருந்து பதினாறு வயதில் தனியே வந்தவள். பேக்கரியில் வேலை. எந்தத் தெருவில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று விசாரித்து, தன்னைப்போல் வந்த இளசுகளைத் திரட்டி, ஞாயிறுதோறும் வீட்டுக்கு வீடு அனுப்புகிறாள். சுவிஸ் கிழவிகள் முதலில் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்களாம். இப்போது பிள்ளைகள் வரக் கொஞ்சம் பிந்தினாலும் ஜன்னலில் வந்து நிற்கிறார்களாம். நகரசபையே அவளைக் கூப்பிட்டு, குழு கூட ஒரு மண்டபம் கொடுத்திருக்கிறது.

தமிழ் விளங்காத செம்ஹார் தன் பெயர் அடிபடுவதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே புட்டைக் கையால் பிசைந்து சாப்பிட்டாள்.

நிருசன் புறப்பட எழும்பினான்.

"இண்டைக்கு நிண்டிட்டுப் போவன்?"

"பின்னேரம் ஒரு அலுவல் இருக்கம்மா."

"ஓமோம், அலுவல் இருக்கும்தானே," என்று சிவகலா அவன் சேட் கொலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. கையை எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள்.

செம்ஹாரும் கூடவே இறங்கினாள். அடுத்த தெருவில் ஒரு கிழவர் காத்திருக்கிறாராம்.

"மன்னியுங்கள். உங்களைப் பிழையாக நினைத்துவிட்டேன்," என்றான் நிருசன்.

"பரவாயில்லை, பழகிவிட்டது."

"உங்கள் அம்மா எங்கே?"

அவள் சிரிப்பு நின்றுபோனது.

"ஊரில். நான் போனால் திரும்பி வர முடியாது. அவரை இங்கே கூப்பிட எனக்கு அனுமதியில்லை. போன் எடுத்தால் சில நாள் லைன் கிடைக்கும். 'நன்றாயிருக்கிறேன்' என்பார். பொய் என்று தெரியும். குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உங்கள் அம்மா என் தலையைத் தடவும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன்."

 பேருந்துத் தரிப்பிடத்தில் நிருசன் அவள் பக்கம் திரும்பினான்.

"நானும் உங்கள் குழுவில் சேரட்டுமா? ஞாயிறுகளில் வருகிறேன். எந்த வீட்டுக்கு அனுப்பினாலும் போகிறேன்."

செம்ஹார் யோசித்தாள். பிறகு வருத்தத்தோடு தலையை ஆட்டினாள்.

"உங்களைச் சேர்க்க முடியாது. அம்மாவைப் போய்ப் பார்க்க வழியில்லாதவர்களைத்தான் நாங்கள் சேர்க்கிறோம்."