குதிக்கும் ஊசி

டிஜே டர்ன்டேபிளில் ஊசி மறுபடியும் குதித்தது.

“ரெக்கார்டை மாத்தியாச்சு, ஊசியைத் துடைச்சாச்சு. இன்னும் குதிச்சுக்கினே இருக்குது. நாளைக்கு ரிசப்ஷன்ல நம்ம மானம் போயிடும்டி,” என்றாள் எஸ்தர், ஹெட்போனைக் கழற்றி.

“இங்க குதிச்சா குதிக்கட்டும், விடு,” என்றாள் சத்யப்ரியா. பேங்க் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லி, மாடி அறையில் இந்த டர்ன்டேபிளை ஒளித்து வைத்திருந்தாள். அப்பா பார்த்தால் சுக்குநூறாக உடைத்துவிடுவார்.

எஸ்தர் விடவில்லை. டர்ன்டேபிளுக்கு அடியில் ஸ்பாஞ்சை மடித்து வைத்தாள். ஊசி குதிக்காமல் சீராக ஓடியது.

“பாத்தியா, என் கைராசி!”

சத்யப்ரியா பதறிப்போய் ஸ்பாஞ்சை உருவினாள். அப்போதும் ஊசி குதிக்கவில்லை. அவள் முகம் வெளுத்தது.

“இன்னாடி ஆச்சு? சரியாயிடுச்சே!”

“கீழ அப்பா தறி நெய்யிற அதிர்வுலதான்டி இது குதிக்கும். குதிக்கிற வரைக்கும் அவர் மேல வரமாட்டார்.”

தாழ்ப்பாள் போடாத கதவுக்கு வெளியே அப்பா இருமினார்.