முதுகுக்கு முட்டு

"அமுதா! தலகாணி நழுவுது. வா இங்க!"

கட்டிலில் கிடந்தபடி சுகுமாறன் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டான். தம்பியைப் பார்க்க பிரிக்பீல்ட்ஸிலிருந்து பண்டமாரானுக்கு வந்திருந்த சீதாலெட்சுமி உதட்டைச் சுழித்தாள்.

லோரி கவிழ்ந்து, தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய் மூன்று வருடம். பாவம்தான். அதற்காகப் பெண்டாட்டியை இப்படியா ஆட்டிவைப்பது? தெலுக் பங்லிமா காராங் ஃபேக்டரியில் வாரம் ஆறு நாள் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமையாவது உட்கார விடுகிறானா?

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அமுதவள்ளி அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். அவனை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. குதிகால் மெத்தையில் அழுந்தாமல் இருக்கக் கணுக்காலுக்கடியில் இன்னொன்று.

"முதுகுக்கு?" என்றான்.

"இந்தத் தலகாணிய முட்டுக் குடுக்குறேன்."

"அது கல்லு மாதிரி இருக்கு. நீயே வந்து படு."

"துணி கெடக்குங்க. அண்ணி வேற வந்திருக்காங்க..."

"அக்கா என்ன விருந்தாளியா? அரை மணி நேரம் லா. உன் முதுகு இருந்தாதான் எனக்குச் சரிப்படும்."

அமுதவள்ளி கட்டிலில் ஏறி, அவன் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்தாள். ஐந்தே நிமிடத்தில் அவளிடமிருந்து குறட்டை கிளம்பியது.

சீதாலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டா, அவ உனக்குப் பொண்டாட்டியா, பஞ்சு மூட்டையா?"

"உஷ்! மெதுவாக்கா!" சுகுமாறன் கண்ணடித்தான். "எந்தத் தலகாணி வெச்சாலும் எனக்கு ஓகேதான். கட்டில் கம்பியப் புடிச்சா நானே பொரண்டு படுத்துக்குவேன்."

"அப்புறம் எதுக்குடா இந்த அதிகாரம்?"

"செத்த நேரம் படுடின்னா கேக்கமாட்டா. சமையல், துணி, பாசார்னு ஓடிக்கிட்டே இருப்பா. எனக்கு முட்டு வேணும்னா மட்டும் ஒடனே படுத்துடுவா. அதான் இந்த டிராமா. பேசாத, முழிச்சுக்குவா."

அதற்குப் பிறகு அவன் மரக்கட்டை மாதிரி கிடந்தான். மூக்கின் மேல் ஈ வந்து உட்கார்ந்தது. விரட்டக்கூட கையைத் தூக்கவில்லை.

சீதாலெட்சுமிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சத்தம் போடாமல் பின்பக்கம் போய், மிச்சத் துணிகளைத் தானே காயப்போட்டாள். தம்பியைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்!

அரை மணி நேரம் கழித்து அமுதவள்ளி வந்தாள்.

"ஐயோ, நீங்க ஏன் அண்ணி இதெல்லாம்?"

"இருக்கட்டும். நல்லாத் தூங்கினியா?"

அமுதவள்ளி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"யாரு தூங்கினா அண்ணி?"

"அப்போ அந்தக் குறட்டை?"

"மல்லாந்தே கெடந்தா முதுகுல புண்ணு வந்துடும், மாத்தி மாத்திப் படுக்க வைங்கன்னு கிளினிக் நர்ஸ் கண்டிச்சுச் சொல்லிட்டாங்க. தலகாணிய வெச்சா இவரு டிவி பாக்குறேன்னு அஞ்சு நிமிஷத்துல பொரண்டுடுவாரு. நான் குறட்டை விட்டாத்தான் அசையாமக் கெடப்பாரு!"