மூன்று விதமாகப் பாடிய வரி

பாடகி கண்ணாடி அறைக்குள் போனபோது, அதிரடி நாயகன் தன் வரியைப் பாடி முடித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சுருதிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். யாரும் கவலைப்படவில்லை, மெஷின் சரிசெய்துவிடும். ஹெட்போனை ஒரு காதில் அழுத்திப் பிடித்தபடி அவர் கண் கலங்கியதை வீடியோக்காரர் எடுத்துவிட்டார். அது போதும்.

ராணுவ வீரர்களுக்கான பாட்டு. பெரிய நட்சத்திரங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு வரி. சம்பளம் கிடையாது. வசூல் முழுக்க வீரர்களின் குடும்பங்களுக்கு.

கூப்பிட்டதுமே அவள் சரி என்றாள். அவளுடைய தம்பி எல்லையில் இருக்கிறான். ஆற்றுப் பாலத்தில் காவல்.

பாட்டு வெளியே கசிந்துவிடக் கூடாதென்று வாசலிலேயே எல்லாருடைய செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். "என் பொண்டாட்டி தேடுவா. அப்புறம் எனக்கும் சேர்த்து ஒரு பாட்டு போட வேண்டியிருக்கும்" என்று நகைச்சுவை நடிகர் எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

அவளுக்குக் கொடுத்தது கடைசிச் சரணத்தின் உச்ச வரி.

அந்த மலையிலே கண் மூடினாயே, தம்பி.

ஒரே மூச்சில் பாடினாள். கோரஸ் பெண்களில் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அருமைம்மா" என்றார் இசையமைப்பாளர், ஸ்பீக்கர் வழியாக. "இதையே மலைக்குப் பதிலா துறைமுகம்னு வச்சுப் பாடுங்க. அப்புறம் பாலம்னு ஒண்ணு."

"எதுக்கு சார் மூணு?"

"எது சரியா வரும்னு இப்பத் தெரியாதும்மா. எடுத்து வச்சுக்கலாம்."

மெட்டில் எந்தச் சொல் உட்காரும் என்று பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள். துறைமுகத்தைப் பாடினாள்.

பாலம் வந்தபோது தம்பி என்ற சொல்லில் குரல் உடைந்துவிட்டது.

இசையமைப்பாளருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை அறிமுகம் செய்துவைக்கவில்லை. இத்தனை நேரத்தில் அவர் காலால்கூடத் தாளம் போடவில்லை. இப்போது குனிந்து இசையமைப்பாளரின் காதில் ஏதோ சொன்னார்.

ஸ்பீக்கர் கரகரத்தது. "பாலத்தை மட்டும் இன்னொரு தடவை பாடிடுங்கம்மா. அது சுத்தமா வேணுமாம்."

மூலையில் உட்கார்ந்திருந்த பாடலாசிரியரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் சார். முடியல."

வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்து கண்ணாடிக்கு அருகே வந்து நின்றார். சிரித்த முகம். தண்ணீர் குடிக்கும்படி அவளுக்குச் சைகை காட்டினார்.

குடித்தாள். பாடினாள்.

பிசிறில்லாமல் வந்தது. அப்படி வந்ததற்காகவே அவளுக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது.

வெளியே நல்ல வெயில். எதிர்க் கடையில் யாரோ விலை பேசிக்கொண்டிருந்தார்கள். போன் கைக்கு வந்ததும் படியிலேயே நின்று தம்பியைக் கூப்பிட்டாள். உடனே எடுத்துவிட்டான்.

"என்னடா பண்றே?"

"ஈ ஓட்டிட்டிருக்கேன்க்கா. நம்ம ஆளுங்க பந்து ஆடறாங்க, எதிர்க்கரைக்காரங்க உக்காந்து கை தட்டறாங்க."

"லீவு போட்டுட்டுக் கிளம்பி வாடா. எதுவும் கேக்காத. வா."

அவன் சிரித்தான். "எங்க வர்றது? இன்னிக்குக் காலையிலதான் எல்லாரோட லீவையும் ரத்து பண்ணிட்டாங்க. ஏன்னு கேட்டா யாருக்கும் தெரியல." பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஏன்க்கா, எங்கயாவது சண்டை வரப்போகுதா? பேப்பர்ல ஏதாவது போட்டிருக்கா?"

பேப்பரில் ஒன்றும் இல்லை. இரண்டு நாட்டு அமைச்சர்களும் கை குலுக்கும் படம்தான் இருந்தது.

சண்டை அதற்கடுத்த வாரம்தான் தொடங்கியது. அன்று சாயங்காலமே பாட்டு ரேடியோவில் வந்துவிட்டது. கடைசிச் சரணம் வருவதற்குள் அவள் ஓடிப்போய் ரேடியோவை அணைத்தாள்.

பக்கத்து வீட்டில் அணைக்கவில்லை.