காலிங் பெல் செய்த குற்றம்

பூட்டிய வீடு ஒன்றின் கேட்டில் கேமராவும், காலிங் பெல்லும், போலீஸ் கையெழுத்துப் போடும் ரோந்து நோட்டும் இருந்தன.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தார். கேமரா காட்டுவதை அங்கிருந்தே செல்போனில் பார்த்துக்கொள்வார். ரோந்து வரும் போலீஸ்காரர் தினமும் வண்டியை விட்டு இறங்காமலே நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். காலிங் பெல்லை மட்டும் பதினோரு மாதமாக யாரும் தொடவில்லை.

ஒருநாள் மத்தியானம் புது ஆள் ஒருவன் வந்து பெல்லை அழுத்தினான். பெல்லுக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறை, மாடி என்று வீடு முழுக்கக் கேட்கும்படி பாடியது. அவன் காத்து நின்றான். மறுபடி அழுத்தினான். இன்னும் உரக்கப் பாடியது. யாரும் வரவில்லை. அவன் சுவரேறி உள்ளே குதித்தான். கொஞ்ச நேரத்தில் பின்கதவு உடையும் சத்தம் கேட்டது.

மறுநாள் போலீஸ் வந்து எல்லாம் எழுதிக்கொண்டு போனபிறகு கேமரா சீறியது.

"எல்லாம் உன்னாலதான். நீ அவ்வளவு கத்தியும் ஆள் வரலைன்னுதான் அவன் தைரியமா உள்ளே போனான். காட்டிக் கொடுத்துட்டியே!"

"என்மேல தப்பில்லப்பா. நேத்தைக்கும் கையெழுத்து இருக்கு, பாத்துக்கோ," என்றது நோட்டு.

"திருடன்தான், ஒத்துக்கறேன்," என்றது பெல். "ஆனா இந்தப் பதினோரு மாசத்துல, உள்ளே யாராவது இருக்காங்களான்னு கேட்டவன் அவன் ஒருத்தன்தானே."