அறுகோணம் வரவில்லை

பாதி வருடத்தில் வந்து சேர்ந்த முபீனாவை ஏழாம் வகுப்பில் வைப்பதா, ஆறுக்கு அனுப்புவதா என்று கணக்கு டீச்சர் எஸ்தர்தான் சொல்ல வேண்டும். அதற்காக ஒரு கட்டு முக்கோண அட்டைகளைக் கொடுத்தாள். ஓர் அட்டையின் விளிம்பில் பின்னக் கணக்கு இருக்கும், இன்னொன்றின் விளிம்பில் அதன் விடை. சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் அறுகோணம் வரும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் வந்தது.

முபீனாவுக்கு வளையம் வந்தது.

எஸ்தர் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு விளிம்பாகச் சரிபார்த்தாள். ஒரு விடைகூடத் தப்பில்லை. ஓர் அட்டைகூட மிச்சமில்லை. எல்லாம் அவளே வெட்டி எழுதிய அட்டைகள். இது எப்படி வரும்?

“தப்பா டீச்சர்?”

“தப்பில்லம்மா.”

“அப்ப சரியா?”

எஸ்தர் மறுபடி முதலிலிருந்து விரல் வைத்துக் கூட்டிப் பார்த்தாள்.

வாசலில் தலைமையாசிரியர் நின்றார். “என்ன டீச்சர், ஆறா, ஏழா?”

“ஏழுலயே இருக்கட்டும் சார்.”

“நல்லாப் போட்டுட்டாளா?”

“தெரியல சார்,” என்றாள் எஸ்தர், வளையத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

முபீனா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து டீச்சருக்கு இடம் விட்டாள்.